தந்தை பெயர் கேட்டதால் வந்த சண்டை: எல்லையூர்களில் வசவுச் சொல்லின் எடை

எல்லைப்பள்ளி டீச்சர் (கொழிஞ்சாம்பாறைப் பக்கம்)

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் உள்ள எங்கள் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகளும் மலையாளவழி வகுப்புகளும் ஒரே வராந்தாவில் எதிரெதிராக நடக்கின்றன. சென்ற வாரம் அங்கே நடந்த ஒரு சண்டையைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நூலக அட்டைக்கு விவரம் சேகரிக்கும் வேலையை எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பையன் ஒருவனிடம் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது தமிழில் அச்சிட்ட படிவம். அதில் உள்ளபடியே அவன் எதிர்வகுப்புப் பையனைப் பார்த்து, "தந்தை பெயர்?" என்று உரக்கக் கேட்டான். மலையாளத்தில் தகப்பனை அச்சன் என்பார்கள், எழுத்தில் பிதாவு என்பார்கள். 'தந்த' என்பதோ ஒருவனை இழிவுபடுத்த நினைக்கும்போது வாயில் வரும் சொல்லாகிவிட்டது. 'தந்தய்க்கு விளிக்குக' என்றாலே கடுமையாக வைதான் என்றுதான் பொருள். நண்பர்கள் நடுவில் அப்படிக் கேட்கப்பட்ட பையன், எழுதிக்கொண்டிருந்தவனின் சட்டையைப் பிடித்து "செற்றே" என்று கத்தினான். இருவரும் தரையில் உருண்டார்கள்.

விசாரணையில், தமிழ்ப் பையன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. 'செற்ற' என்ற சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் சின்னத் திட்டு என்று விட்டுவிட்டார்கள். செற்ற என்பது ஓலையால் கட்டிய தட்டி, அந்தத் தட்டிச் சுவருக்குள் குடியிருக்கும் குடில். அங்கே வாழ்பவன் கீழானவன் என்ற எண்ணத்திலிருந்தே அது வசவாயிற்று. இந்தத் தமிழ்ப் பையனின் குடும்பம் ஒரு தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டகையில்தான் குடியிருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்டான். பக்கத்தில் நின்ற நான் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றுவரை என் நெஞ்சை அறுக்கிறது.

ஒரு சொல் வசவா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? சொன்னவன் எண்ணத்தை வைத்தா, கேட்டவன் காதை வைத்தா, அந்தச் சொல் பிறந்த இடத்தை வைத்தா? உங்கள் ஊரிலும் பிற மொழிகளிலும் கண்டதை எழுதுங்கள். உடலுறுப்புகளையும் பெற்றவளையும் இழுக்கும் சொற்களை இங்கே முழுதாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மாணவர்களும் படிக்கக்கூடும்.

மீனாட்சிபுரம் தேங்காய் மண்டி

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக எல்லையின் இரண்டு பக்கமும் காய் வாங்கி விற்பவன் என்ற முறையில், கேட்பவனின் காதுதான் எல்லாம் என்பேன். இங்கே வசவுச் சொல்லே தேவையில்லை, வினைமுற்று ஒன்றே சண்டை மூட்டிவிடும். நாங்கள் கொங்குப் பக்கத்தார். பள்ளிக்கூடப் பிள்ளையைக்கூட "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்டு வளர்ந்தவர்கள். மலையாள வினைக்கோ ஆண், பெண், ஒருமை, மரியாதை என்று எந்த விகுதியும் கிடையாது. அவன் வந்தாலும் அவர் வந்தாலும் 'வந்நு'தான். மலையாளம் சரியாகப் பிடிபடாத காலத்தில், ஒரு வியாபாரி தம்மைப் பற்றி 'வந்நு, போயி' என்று பேசியதைக் கேட்ட என் தகப்பனார், நம்மை வந்தான் போனான் என்கிறானே என்று லோடு ஏற்றாமல் திரும்பிவிட்டார். அந்த வியாபாரி ஒரு தவறும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலும் இதே கதை உண்டு. நம்முடைய 'நீங்கள்' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மூத்தவர் ஒருவரை 'நிங்ஙள்' என்று அழைத்தால், தெற்கே பல இடங்களில் முகம் மாறிவிடும். சேட்டன், மாஷ், ஸார் என்று உறவையோ தொழிலையோ சொல்லி அழைப்பதே அங்கு மரியாதை.

ஜப்பானிய மொழி படிக்கும் என் மகன் சொன்னதையும் எழுதுகிறேன். 'கிசமா' என்று ஒரு முன்னிலைச் சொல் அங்கே இருக்கிறதாம். ஒரு காலத்தில் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் வந்த மதிப்பான சொல். இன்று பகைவன் முகத்தில் எறியும் சொல். உறுப்புகளை இழுத்துத் திட்டுவதைவிட, ஒருவரை எந்தப் படியில் நிறுத்தி அழைக்கிறோம் என்பதில்தான் அந்த மொழியின் வசவு பெரிதும் இருக்கிறது. நம் 'டா'வும் 'டி'யும் அதே வேலையைத்தானே செய்கின்றன?

இன்னொன்று. என் மகள் பாலக்காட்டில் ஒரு போட்டியில் 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்ற 969ஆம் குறளை ஒப்பித்தபோது பின்வரிசை முழுவதும் சிரித்தது. நம் பேச்சிலும் அந்தச் சொல் கொச்சைதான் என்றாலும், குறளில் வரும்போது யாரும் கூசுவதில்லை. மலையாளத்தில் 'மைர்' என்பது சபையில் நினைக்கவும் கூடாத வசவு. மானத்தைப் பற்றிய குறளைச் சொல்லிவிட்டு என் மகள் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். இதில் வள்ளுவர் மேல் பிழையில்லை, சிரித்த பிள்ளைகள் மேலும் பிழையில்லை.

வாளையார் லாரி

எங்கள் பூர்வீக ஊரின் பெயர் 'பட்டி' என்று முடியும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஆறாம் வகுப்பில் ஒரு முறை ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பு முடியும்வரை அதை வாயால் சொல்லவே இல்லை. 'பாண்டி' என்றும் அழைப்பார்கள். பாண்டிய நாட்டான் என்பதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அழைக்கும் குரலில்தான் எல்லாம் இருந்தது.

நகரி தறிக்கூடம்

மண்டி ஐயா சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. காது பழகிவிட்டால் எந்த வசவும் வலிக்காது. வலிக்காததனால் அது வசவு இல்லை என்று ஆகிவிடுமா?

நகரி இருப்பது ஆந்திரத்தில். எங்கள் வீட்டில் தமிழ், தறிக்கூடத்தில் தெலுங்கு. ஒரு நாளில் எத்தனையோ முறை காதில் விழும் தெலுங்குத் திட்டு 'வெதவ'. வாத்தியார் மாணவனைச் சொல்வார், தாய்மாமன் மருமகனைக் கொஞ்சலாகச் சொல்வார். உருப்படாதவன் என்பதே இன்று அதன் பொருள். ஆனால் அதன் மூலம் 'விதவா' என்ற வடசொல், அதாவது கைம்பெண். பெண்ணைத் திட்ட 'முண்ட' என்பார்கள். அதுவும் கைம்பெண்ணைக் குறித்த சொல்தான். தமிழில் முண்டை, அறுதலி, மொட்டச்சி என்று மூன்றுக்கும் அதே பொருள். கன்னடத்தில் 'போளி மக' என்று ஆண்களைத் திட்டுகிறார்கள். மொட்டைத் தலைச்சியின் மகன் என்று அர்த்தம். நான்கு மாநிலத்தாரும் தண்ணீருக்காக வழக்காடுகிறோம், தாலியறுத்தவளை வசவாக்கியதில் மட்டும் ஒன்றாக நிற்கிறோம்.

என் பாட்டி பத்தொன்பது வயதில் தாலி இழந்தவர். அதன்பின் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். வீட்டில் யாராவது பிள்ளைகளை 'வெதவ' என்று அழைத்தால், ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் ஏன் எழுந்து போனார் என்பது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு தெலுங்கு அகராதியைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமுந்திரியில் முதல் மறுமணத்தை 1881 டிசம்பர் 11இல் நடத்திவைத்தார். கைம்பெண்ணுக்குப் பூவும் பொட்டும் இன்று பல வீடுகளில் திரும்பிவிட்டன. வசவு மட்டும் அப்படியே இருக்கிறது. திட்டப்பட்ட பையன் சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறான். அடி விழுவது அதே கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தி மேல். ஆகவே, டீச்சர், கேட்டவன் காது என்றால் யாருடைய காது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வாளையார் நண்பருக்கு ஒரு வார்த்தை. எங்களை இங்கே 'அரவ' என்பார்கள். அருவா நாடு என்ற பழம்பெயரோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. சென்னைக்குப் போனால் நம்மவர்கள் தெலுங்கரை 'கொல்டி' என்கிறார்கள். பள்ளியில் என்னை 'அரவ' என்றபோது அழுதவன், சென்னையில் வேலை பார்த்த நாட்களில் 'கொல்டி' என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மார்த்தாண்டம் தமிழாசிரியர் (ஓய்வு)

எங்கள் விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கோடு மாறியது, வாய் மாறவில்லை. எங்கள் ஊரில் 'தள்ள' என்றால் தாய். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால், வயதான பெண்ணை மரியாதையின்றிச் சுட்டும் சொல் அது. டீச்சரின் 'தந்தை'யும் எங்கள் 'தள்ள'யும் ஒரே வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட அம்மையும் அப்பனும்தான்.

சொல் எப்படி இறங்குகிறது என்பதற்கு 'மூதேவி'யைப் பார்க்கலாம். அவள் மூத்த தேவி; திருமகளின் தமக்கை. வடமொழியில் ஜ்யேஷ்டா, நம் பழந்தமிழில் தவ்வை. பல்லவர் காலத்தில் அவளுக்குச் சிலை வடித்து வழிபட்டார்கள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் உண்டு. ஆனால் வள்ளுவர் 167ஆம் குறளிலேயே, பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு விலகுவாள் என்கிறார். வழிபாடு போய்ச் சிலை மூலையில் ஒதுங்கிய பின், பெயர் மட்டும் தெருவில் திட்டாகத் திரிகிறது. இதில் வியப்பு என்னவென்றால், மலையாளத்தில் மரியாதையோடு அண்ணனை அழைக்கும் 'சேட்டன்' என்ற சொல்லும், மூதேவியைக் குறிக்கும் 'சேட்ட' என்ற சொல்லும் அதே ஜ்யேஷ்ட என்ற வேரில் பிறந்தவை. மூத்த ஆணுக்கு மரியாதை, மூத்த பெண்ணுக்குத் திட்டு. பின்லாந்துக்காரர்கள் ஆத்திரத்தில் சொல்லும் 'பெர்கெலே' என்ற வசவையும் பால்டிக் நாட்டாரின் பழைய இடித்தெய்வமான பெர்கூனஸின் பெயரோடு அறிஞர்கள் இணைக்கிறார்கள். புதிய சமயம் வந்தபோது அந்தப் பெயர் சாத்தானுடையதாயிற்று, பிறகு வசவாயிற்று.

டீச்சரின் கடைசி வேண்டுகோளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்பது தொல்காப்பியம். அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல் என்கிறது. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று நடிக்கச் சொல்லவில்லை. நன்னூல் இதையே இடக்கரடக்கல் என்றது. வகுப்பறையில் நாம் பெரும்பாலும் செய்வது மறைத்துச் சொல்வது அன்று, சொல்லாமலே விட்டுவிடுவது. 'செற்ற' விசாரணைக்கு வராமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நல்லேப்பிள்ளி முதியவர்

எல்லோரும் வசவை அழுக்காகவே பேசுகிறீர்கள். நான் வாய்ப்புக் கிடைத்த ஆண்டுகளிலெல்லாம் மீனமாதத்துப் பரணித் திருவிழாவுக்குக் கொடுங்ஙல்லூர் பகவதி கோவிலுக்குப் போய்வந்தவன். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வெளிச்சப்பாடுகள், அதாவது அருள்வந்து ஆடுபவர்கள், செம்பட்டு உடுத்து, வாளும் சிலம்புமாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். வழி நெடுகப் பாடும் பரணிப்பாட்டில், வீட்டில் நினைத்தாலே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டிய சொற்களை அம்மையின் பெயரோடு சேர்த்துப் பாடுவோம். அசுவதி நாளில் காவுதீண்டல். அன்று கோவிலைச் சுற்றி ஓடும்போது, மற்ற நாட்களில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று வகுத்திருந்த கோடுகள் எல்லாம் அழிந்துபோகும். திரும்பி வந்தபின் அந்தப் பாட்டை ஒருவரும் முணுமுணுப்பதுகூட இல்லை. அம்மையைத் திட்டுகிறோம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை; மனத்தில் ஒன்றையும் ஒளித்துவைக்காமல் அவள் முன் நின்றோம் என்றுதான் தோன்றியது. பெண்கள் நடமாடும் தெருவில் அவற்றைப் பாடலாமா என்று பலர் எதிர்த்தார்கள். என் மகளும் எதிர்க்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எல்லா வசவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தேவிகுளத்துச் செவிலி (இப்போது நெதர்லாந்தில்)

நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், வளர்ந்தவள். கொழுந்து கிள்ளும் பெண்கள் கோபத்தில் விடும் சாபங்கள் எல்லாம் நோயாகவே இருக்கும்: பேதியில் போக, கழிச்சலில் போக, கொள்ளையில் போக. காலராவும் கொள்ளைநோயும் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தின் அச்சம் அவற்றில் இருக்கிறது. இங்கே வந்து டச்சு மொழி கற்றபோது திகைத்துப்போனேன். இவர்கள் வசவிலும் நோய்தான் நிறைந்திருக்கிறது. 'தேரிங்' என்பது காசநோய், 'தீஃபுஸ்' என்பது குடற்காய்ச்சல். எல்லாவற்றிலும் கடுமையானது 'காங்கர்', புற்றுநோய். பஸ்ஸைத் தவறவிட்ட இளைஞர்கள்கூட அதைச் சொல்கிறார்கள். நான் புற்றுநோய் வார்டில் வேலை செய்கிறேன். நகரி நண்பர் எழுதிய பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போகும் காட்சியை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ திட்டும்போது, படுக்கையில் இருப்பவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கனடாவின் கியூபெக்கில் நிலைமை வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி நெடுங்காலம் இறுகியிருந்த இடம் என்பதால், நற்கருணைப் பேழையும் திருக்கிண்ணமும் அப்பமுமே அங்கே வசவுகள். எது ஒரு மக்களை அச்சுறுத்தியதோ அதுவே அவர்கள் வாயில் வசவாக நிற்கிறது.

ஆனாலும் முதியவர் சொன்னதையும் மறுக்க மாட்டேன். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஓர் ஆய்வு செய்தார்கள். பனிநீரில் கையை வைத்திருக்கச் சொன்னபோது, சாதாரணச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களைவிட வசவு சொன்னவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். வலியில் நோயாளி என்னை என்ன சொன்னாலும் நான் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. 2003இல் வந்த வேறோர் ஆய்வில், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் தோலில் ஏற்படும் மின்மாற்றத்தை அளந்தார்கள். தாய்மொழியில் கேட்ட கண்டிப்புக்கு உடல் கூடுதலாக அதிர்ந்தது. எங்கள் வார்டில் டச்சு வசவு என்மேல் பட்டுக் கீழே விழுந்துவிடுகிறது. லயத்தில் என்னைச் சொன்ன ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருபத்தைந்து ஆண்டுகளாக உள்ளேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஏன் இவ்வளவு எளிதாக மாற்றுமொழியில் திட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், டீச்சர். சொல்பவன் நாக்கில் அதற்கு எடையே இல்லை.

பாலக்காடு வழக்கறிஞர்

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசச் சொல் பேசுவது பழைய தண்டனைச் சட்டத்தில் 294ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. மூன்று மாதம் வரை சிறை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மற்றவர்கள் பொதுவெளியில் சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். முன்னதற்குச் சொல்லின் ஆபாசம் வேண்டும், பின்னதற்குச் சாதி வேண்டும். 'செற்ற' ஆபாசமும் அன்று, சாதிப்பெயரும் அன்று, ஏழ்மையைத்தான் சுடுகிறது. ஏழ்மையைச் சொல்லித் திட்டுவது இந்த இரண்டு கைகளிலும் எளிதில் அகப்படாது.

மண்டி ஐயா எழுதிய 'டா', 'டி' பற்றி ஒரு செய்தி. பொதுமக்களைக் காவலர்கள் 'எடா', 'எடீ', 'நீ' என்று அழைக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது. காவல்துறைத் தலைவரும் அவ்வாறே சுற்றறிக்கை அனுப்பினார். அகராதியில் எந்தப் பிழையும் இல்லாத மூன்று சிறிய சொற்களுக்காக ஒரு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சொன்னவர் நின்ற இடமும் கேட்டவர் நின்ற இடமும்தான் அங்கே பார்க்கப்பட்டன. ஆகவே, டீச்சர், உங்கள் பள்ளி விசாரணையிலும் இரண்டு பிள்ளைகளும் நின்ற இடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லைப்பள்ளி டீச்சர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரு பையன்களையும் தாய்மாரோடு மீண்டும் அழைத்தேன். தலைமையாசிரியர் தயங்கினார், முடிந்துபோன விஷயத்தைக் கிளற வேண்டாம் என்றார். கிளறினால் பொறுப்பு என்னுடையது என்று சொல்லி அழைத்தேன்.

தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து 'தந்தை' என்ற சொல் வரும் பக்கங்களை மலையாளப் பையனிடம் காட்டினேன். அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது நல்ல வாக்கா, டீச்சர்?" என்று கேட்டான். ஆம் என்றேன். பிறகு 'செற்ற' என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன். கெட்டவன் என்று அர்த்தம் என்றான். நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவன் தாயார் முந்திக்கொண்டார். அவருடைய அம்மா பிறந்தது ஒரு நிலவுடைமையாளர் தோட்டத்து மூலையில் இருந்த செற்றக்குடிலில்தான் என்றும், 1970க்குப் பிறகு, பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கான குடிகிடப்பு உரிமையில் பத்து சென்ட் கிடைத்த பின்னரே கல்சுவர் வைத்தார்கள் என்றும், இன்று அவர்கள் வீடு நிற்பது அந்தப் பத்து சென்டில்தான் என்றும் மகனிடம் சொன்னார். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் அழவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தமிழ்ப் பையனிடம், "நின்றெ வீடு ஓலயாணோ?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றான் இவன். மழையில் ஒழுகுமா என்று அடுத்துக் கேட்டான். மேற்குப் பக்கம் மட்டும் ஒழுகும் என்று இவன் சொல்ல, இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வெளியே போனார்கள்.

நகரி நண்பருக்கு: என் வகுப்பில் 'முண்டம்' என்று பிள்ளைகளைத் திட்டும் பழக்கம் எனக்கு உண்டு. அது தலையில்லா உடலைக் குறிக்கும் வேறு சொல்தான். ஆனால் உங்கள் பாட்டியைப் பற்றிப் படித்தபின், அந்த ஒலியே என் நாக்கில் வர மறுக்கிறது.

நூலக அட்டைப் படிவத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். புதிய படிவத்தில் அந்த வரி 'அப்பா / அச்சன் பெயர்' என்று இருக்கும்.